ரைட்டுக் கால்

புயல் ஓய்ந்த மறுநாள் காலை, சந்தைக்குப் பின்னால் இருக்கிற தெருவின் நட்டநடுவில் ஒரு கதவு நின்றுகொண்டிருந்தது. நிலையோடு, பூட்டோடு, வெறும் கதவு. அதற்கு முன்னாலும் வீடு இல்லை, பின்னாலும் இல்லை. கதவுக்குச் சொந்தக்காரர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார், பூட்டைத் திறந்தார், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார், உள்ளே போனார். போய், அந்தப் பக்கம் தெருவிலேயே நின்றார். யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஊரில் எல்லாருடைய முகமும் யாரோ பளாரென்று அறைந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

சில்லறையின் முகமும் அப்படித்தான் இருந்தது. சில்லறை என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. அவர் பஸ் கண்டக்டர். மிச்சம் கேட்டவர்களுக்கெல்லாம் "சில்லறை இல்ல, இறங்கும்போது வாங்கிக்கங்க" என்று சொல்லிச் சொல்லி, அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. அன்று காலை வேலைக்குப் போனவர் பணிமனை வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு பஸ் ஆபீஸ் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. சாய்ந்துகூட இல்லை. மழைத்துடைப்பான் மட்டும் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது. டைம்கீப்பர் அண்ணாந்து பார்த்து, "இது எந்த ரூட்டு?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மனுஷனுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

பஸ் ஓடாத நாளில் கண்டக்டருக்கு என்ன வேலை? இடிந்த வீடுகளில் மாட்டினவர்களை மீட்கத் தெருவில் ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சில்லறை அங்கே போனார். சேர்த்துக்கொண்டிருந்தது பார்லரம்மா. அழகு நிலையம் வைத்திருந்தவர். இப்போது நிலையம் இல்லை, அழகு மட்டும் கொஞ்சம் மிச்சம். கடையோடு ஆளுயரக் கண்ணாடிகளும் சுழல் நாற்காலிகளும் காற்றோடு போய்விட்டன. ஒரு நாற்காலி எதிர்மாடியில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்தம்மா அதைத் தேடிப் போகவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வீடாகக் குரல் கொடுத்துக்கொண்டு போனார். அவர் பின்னால் ஒரு பிளம்பர், பேக்கரிக்காரர்கள் ரெண்டு பேர், கடப்பாரை பிடிக்கத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று ஒரு கூட்டம்.

"அண்ணே, நீங்க என்ன வேலை தெரிஞ்சவரு?" என்று பார்லரம்மா சில்லறையைக் கேட்டார்.

"டிக்கெட் கிழிப்பேம்மா."

"அது இப்போ வேணாம். வேற?"

"சத்தம் போடுவேன்."

"அது வேணும். வாங்க."

கொஞ்ச நேரத்தில் சந்தைக் காய்கறி லாரி ஒன்று உறுமிக்கொண்டு வந்து நின்றது. லாரிக்காரர் ஊரில் இல்லை, சாவி இருந்தது, ஓட்ட ஆள் கிடைத்துவிட்டது என்றார்கள். சில்லறை ஏறிட்டுப் பார்த்தார். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தது அவருடைய மாப்பிள்ளை. கூடப் பிறந்த தங்கச்சியின் புருஷன். சில்லறை கண்டக்டராகப் போகிற பஸ்ஸின் டிரைவரும் அதே ஆள்தான்.

ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. பல வருஷமாகக் கிடையாது. சண்டைக்குக் காரணம் என்னவென்று இருவருக்குமே மறந்துபோயிருந்தது. நியாயம் தன் பக்கம் என்பது மட்டும் இருவருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது. வீட்டில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தங்கச்சி நடுவில் நின்று, "அண்ணா, அவரு சொல்றாரு", "ஏங்க, அண்ணன் சொல்லுது" என்று இரண்டு பக்கமும் கொண்டுபோய்க் கொடுப்பாள். பஸ்ஸில் தங்கச்சி இல்லை. அதனால் அங்கே இரண்டே வார்த்தை. வண்டி எடுக்க "ரைட்". நிறுத்த "ஹோல்டான்". தொண்டை கட்டிய நாட்களில் தகரத்தில் ரெண்டு தட்டுத் தட்டினால் போகலாம், ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும். இதை வைத்துக்கொண்டே அவர்கள் ஊரெல்லாம் சுற்றி வந்தார்கள், ஒரு விபத்துகூட இல்லாமல். நன்றாகப் பேசிக்கொள்கிற ஜோடிகள்தான் சுவரில் மோதின.

அந்த லாரியோடு தெருக்கோடி வரைக்கும் போனபோதுதான் அந்தக் குரல் கேட்டது.

"ஒன்... டூ... த்ரீ... ஃபோர்..."

கூட்டம் அப்படியே நின்றது. குரல் தரைக்குள்ளிருந்து வந்தது. எதிரே ஒரு வீடு, அல்லது வீடு இருந்த இடம். தெருவையே குடை பிடித்துக்கொண்டிருந்த தூங்குமூஞ்சி மரம் வேரோடு பெயர்ந்து அதன்மேல் படுத்திருந்தது.

"டிரில் டீச்சர்!" என்றார் பார்லரம்மா. அவர் கை வாய்க்குப் போனது. "ஐயோ, டிரில் டீச்சர் வீடு இது! எனக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தவங்க. டீச்சர்! டீச்சர்!"

எண்ணுவது நின்றது. "யாரது, வரிசையில நிக்காம கத்துறது?" என்றது கீழேயிருந்து குரல். மெலிந்துபோய் இருந்தாலும் அதட்டல் குறையவில்லை. "ராத்திரியிலேர்ந்து எண்ணிக்கிட்டிருக்கேன். தூங்கிட்டா முழிக்க மாட்டேன்னு பயம். கால் மாட்டிக்கிச்சும்மா. ஜில்லுன்னு ஆகுது. சீக்கிரம் பாருங்க."

பிளம்பர் குனிந்து பார்த்தார். எலும்பும் தோலுமான மனிதர். தலை நுழைகிற ஓட்டையில் மீதியும் நுழைந்துவிடும், மீதி என்று பெரிதாக ஒன்றும் இல்லாததால். ஜன்னல் இருந்த இடுக்கில் உள்ளே போய் வெளியே வந்தார். வரும்போது முகம் சுண்ணாம்பாக இருந்தது. அதில் பாதி நிஜமாகவே சுண்ணாம்பு.

"அக்கா, கதை இதுதான்," என்றார். "சிமென்ட் கூரை உடைஞ்சு, பாதி அப்படியே நடுச்சுவரு மேல சாய்ஞ்சு நிக்குது, பார்க்குல ஏறி இறங்குற சீசாப் பலகை மாதிரி. உள்பக்க முனை டீச்சர் கட்டில் மேல. டீச்சர் கட்டிலுக்கு அடியில. கட்டில் நசுங்கி, கால்ல ஏறி நிக்குது. மரம் பலகையோட உள்பக்கத்துல பாரமா கிடக்கு."

"மரத்தை வெளிய இழுத்துட்டா?"

"நடுச்சுவரைத் தாண்டினதும் வெளிமுனை இறங்கும், உள்முனை தூக்கும். இன்னும் கொஞ்சம் இழுத்தா மரம் கீழ விழுந்துடும். விழுந்தா உள்முனை டமார்னு திரும்ப இறங்கும். கட்டிலும் இருக்காது, டீச்சரும்..." என்று ஆரம்பித்துவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார்.

அதனால் முதலில் உள்ளே முட்டுக் கொடுப்பது, முட்டு நின்றபிறகே மரத்தை அங்குலம் அங்குலமாக இழுப்பது என்று முடிவாயிற்று. மரத்தில் கயிறு கட்டினார்கள். மறுமுனையை லாரியில் மாட்டினார்கள். தெரு அங்கே வளைந்து திரும்புவதால் லாரி வளைவுக்கு அப்பால் நின்றது. டிரைவருக்கு அங்கிருந்து வீடு கண்ணில் படாது. என்ஜின் இரைச்சலில் வீட்டுப் பக்கம் பேசுவது காதிலும் விழாது. நடுவில், இடிந்த மதில் குவியல்மேல் சில்லறையை ஏற்றி நிறுத்தினார்கள்.

"அண்ணே, நாங்க இங்க சொல்றதை நீங்க அப்படியே அங்க கத்தணும்," என்றார் பார்லரம்மா. "சொந்தமா ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது."

"சேர்க்க மாட்டேம்மா. நானா எதையும் பேசுறவன் இல்ல, அந்த ஆளுகிட்ட."

முட்டுக் கட்டைகளை இழுத்துக்கொண்டு பிளம்பர் உள்ளே நுழைந்தார். பார்லரம்மா ஜன்னல் இடுக்கில் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு, "பயப்படாதீங்க!" என்றார்.

"பயப்படாதீங்க!" என்று சில்லறை லாரியைப் பார்த்துக் கத்தினார்.

பக்கக் கண்ணாடியில் மாப்பிள்ளையின் முகம் கோணுவது தெரிந்தது.

"தைரியமா இருங்க! இதோ முடிஞ்சிடும்!"

"தைரியமா இருங்க! இதோ முடிஞ்சிடும்!"

டிரைவர் கதவுக்கு வெளியே தலையை நீட்டி, யாரையும் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்து, "கிண்டலைப் பாரு," என்றார். சில்லறைக்குக் கோபம் வந்தது. ஆனால் சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாதென்பது உத்தரவு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளேயிருந்து பிளம்பரின் குரல் வந்தது. "அக்கா, இருட்டா இருக்கு. எந்தக் கால் மாட்டியிருக்குன்னு கேளுங்க. அந்தப் பக்கம்தான் முதல் முட்டு வைக்கணும். மாத்தி வெச்சா கட்டில் உருண்டுடும்."

"டீச்சர்! எந்தக் காலு? லெஃப்ட்டா, ரைட்டா?"

பள்ளிக்கூட மைதானத்தில் கேட்கிற மாதிரியே சுத்தமாக, "ரைட்டு!" என்றது குரல்.

பார்லரம்மா தலையைத் தூக்கி, பின்னால் நின்றவர்களிடம் சொன்னார், "ரைட்டாம்!"

சில்லறை மூச்சை இழுத்தார். அடிவயிற்றிலிருந்து, நெரிசலான பஸ்ஸின் கடைசிப் படிக்கட்டிலிருந்து முன்சீட்டு வரைக்கும் போகிற அந்தக் குரலில், "ரைட்!" என்றார்.

வார்த்தை வாயைவிட்டுப் போனது அவருக்குத் தெரிந்தது. அது யாரிடம் போகிறது என்பது போனபிறகுதான் உறைத்தது.

மாப்பிள்ளை அந்தக் குரலில் அந்த வார்த்தையைக் கேட்டு ஒரு தடவைகூட யோசித்ததில்லை. கால் யோசிக்காமல் கிளட்சை விட்டது. லாரி புறப்பட்டது. தரையில் கிடந்த கயிறு ஒரு பாம்பைப் போல எழுந்து, விறைத்து, ஒரு மாதிரி பாடத் தொடங்கியது. மரம் முனகியது. வீட்டுக்குள்ளிருந்து பிளம்பர் அலறினார். அது வார்த்தையல்ல, வெறும் சத்தம்.

"யாரு இழுக்கச் சொன்னது?" என்று பார்லரம்மா கத்தினார். "நிறுத்து! நிறுத்து!"

சில்லறை வாயைத் திறந்தார். "ஹோல்டான்" என்ற வார்த்தை அங்கே இல்லை. தொண்டை இருந்தது, நாக்கு இருந்தது, பல்லும் பெரும்பாலும் இருந்தது. வார்த்தையைக் காணோம். எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை, தேவைப்பட்ட ஒரே நேரத்தில் மாயமாகிவிட்டது. கையை ஆட்டினார். பிரயோஜனமில்லை. வண்டி நகர்ந்துவிட்டால் மாப்பிள்ளை பின்கண்ணாடியைப் பார்க்க மாட்டார். பின்னால் நடப்பது கண்டக்டர் பாடு என்பது அவருடைய கொள்கை.

மரம் நடுச்சுவரைத் தாண்டியது. கூரைப் பலகையின் வெளிமுனை மெல்லக் கீழே இறங்க, உள்முனை மேலே எழுந்தது. அங்கே ஒரு இருட்டு வாய் திறந்தது. மரம் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.

சில்லறையின் காலடியில் ஒரு கூரைத் தகரம் கிடந்தது. அவர் ஒரு செங்கல்லை எடுத்து அதன்மேல் ஓங்கி ஒரே ஒரு அடி அடித்தார். ஒரு தட்டு. நிற்க வேண்டும்.

தகரம் எழும்பி மதில் குவியலில் மோதித் தானாக இன்னொரு சத்தம் போட்டது. டங், டங்.

ரெண்டு தட்டு. போகலாம்.

மாப்பிள்ளை ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சில்லறை நடந்ததாக ஒத்துக்கொண்டதே இல்லை. அவர் வயதும் முழங்காலும் அப்படி. குவியலிலிருந்து ஒரே தாவாகத் தாவினார். ஓடினார். ஓடும்போதே வயிற்றுக்குள் எங்கோ அடியில் கிடந்த ஒரு வார்த்தை தூசி தட்டி எழுந்து வெளியே வந்தது.

"மாப்பிள்ளே! டேய் மாப்பிள்ளே! நில்லுடா, நில்லுடா டேய்!"

மாப்பிள்ளைக்குப் புயல் அவ்வளவு அதிர்ச்சியாக இல்லை. கூரைமேல் பஸ்ஸைப் பார்த்தபோதுகூட, ஏற்றினவன் இறக்கிக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னாராம். இந்தக் குரல்தான் ஆளைத் தூக்கிவாரிப் போட்டது. காலிரண்டையும் எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டார். லாரி ஒரு குலுக்குக் குலுக்கி, கியரிலேயே செத்து நின்றது. கயிறு விறைப்பாகவே நின்றது.



"என்ன மச்சான்?" என்றார் மாப்பிள்ளை. "வீட்டுல ஏதாச்சுமா? அவளுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகல. நீ அசையாத. கியர்ல கை வெக்காத. பிரேக்கை மிதி. தும்மாத. மூச்சைக்கூட மெல்ல விடு."

"சரி மச்சான்."

சில்லறை திரும்பி ஓடிவந்தபோது, மரம் கூரையின் வெளிவிளிம்பில் ஒரு கையளவு பிடிப்பில் நின்றுகொண்டிருந்தது. உள்முனை அந்தரத்தில். கட்டில் தானாக எழும்பியிருந்தது. உள்ளே பிளம்பரின் கைகள் டீச்சரை முன்னால் தள்ள, இடுக்கிலிருந்து பார்லரம்மா தோளைப் பிடித்து இழுக்க, பேக்கரிக்காரர்கள் பார்லரம்மாவைப் பிடித்து இழுக்க, டீச்சரும் இழுத்தவர்களுமாகத் தெருவில் வந்து விழுந்தார்கள். ஒரு ஜன்னல் திரையில் டீச்சரைக் கிடத்தித் தெருவின் அடுத்த ஓரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டீச்சருக்கு வெளிச்சம் கூசிக் கண் திறக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். கொஞ்சம் குடித்துவிட்டு, "ஃபைவ்," என்றார். விட்ட இடத்திலிருந்து எண்ணிவிட்டார்.

சில்லறை வந்து பக்கத்தில் குந்தினார். "நான்தாம்மா," என்று பார்லரம்மாவிடம் ஆரம்பித்தார். "நீங்க ரைட்டுன்னீங்க, நான் பாட்டுக்கு ரைட்டுன்னுட்டேன்..."

"பேசாதீங்கண்ணே. உங்களை அப்புறம் வெச்சுக்கறேன்." பார்லரம்மா டீச்சரின் வலது காலைப் பார்த்தார். தடவினார். அமுக்கினார். அதில் ஒரு கீறல்கூட இல்லை. இடது கால் கணுக்காலுக்குமேல் நீலமாக, பூசணிக்காயாக வீங்கியிருந்தது. "டீச்சர்... மாட்டினது இடது காலு."

"ஆமா. ரைட்டுன்னு சொன்னேனே."

"இது லெஃப்ட்டு டீச்சர்."

டீச்சர் கண்ணைத் திறந்து பார்லரம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்களுக்கு முன்னாடி, உங்களைப் பார்த்து நின்னுதானே சொல்லிக் குடுத்தேன்? நான் லெஃப்ட்டைத் தூக்கி ரைட்டுன்னு சொன்னாத்தான் நீங்க எதிர்ல ரைட்டைத் தூக்குவீங்க. எனக்கு இதுதான் ரைட்டு. வேலையில சேர்ந்த நாள்லேர்ந்து இதுதான்."

பார்லரம்மா ரெண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தார். டீச்சர் சொன்னதை நம்பி வலப்பக்கம் முட்டு வைத்திருந்தால் கட்டில் உருண்டிருக்கும். டீச்சர் சரியாகச் சொல்லியிருந்தால் லாரி புறப்பட்டிருக்காது. அதற்கப்பால் அவரால் யோசிக்க முடியவில்லை. சில்லறை யோசிக்கவே முயலவில்லை.

அப்போது கயிறு அறுந்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். மரம் புரண்டு விழுந்தது. கூரையின் உள்முனை முழு வேகத்தில் இறங்கியது. தெரு அதிர்ந்தது. புழுதி எழுந்து எல்லாரையும் மூடியது. அடங்கியபோது, கட்டில் இருந்த இடத்தில் கட்டில் இல்லை. ஜன்னல் இடுக்கு இருந்த இடத்தில் இடுக்கும் இல்லை.

சில்லறை பழக்கதோஷத்தில் தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். ஒரு தலை குறைந்தது.

"அந்தத் தம்பி எங்க?"

"எந்தத் தம்பி?"

"பிளம்பர்! டீச்சருக்குப் பின்னாடி வெளிய வந்தானா? யாராச்சும் பார்த்தீங்களா?"

இழுத்ததெல்லாம் ஞாபகம் இருந்தது. பின்னால் யாரும் பார்க்கவில்லை. பார்லரம்மா "ஐயோ" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பேக்கரிக்காரர்கள் வெறுங்கையால் செங்கல்லைப் பிடுங்கத் தொடங்கினார்கள். சில்லறை மண்டியிட்டு, விரல் நகம் பிய்ந்ததுகூடத் தெரியாமல் தோண்டினார். "தம்பி! தம்பி! ஒரு சத்தம் குடுப்பா!" வளைவிலிருந்து மாப்பிள்ளையும் ஓடிவந்து, எதற்கென்று கேட்காமல் பக்கத்தில் மண்டியிட்டுத் தோண்டினார்.

"என்னத்தைத் தேடுறீங்க?"

எல்லாரும் திரும்பினார்கள். தெருவின் அந்தப் பக்கம், ஒரு பாதிச் சுவருக்குப் பின்னாலிருந்து பிளம்பர் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார்.

"எங்கய்யா போயிருந்தே?" சில்லறைக்கு அழுகையும் கத்தலும் ஒன்றாக வந்தது.

"அவசரம்ணே. உள்ள இருந்தப்பவே வந்துடுச்சு. கூரை ஆடினதுல..." என்று இழுத்தவர், விழுந்து கிடந்த கூரையைப் பார்த்தார். தான் படுத்திருந்த இடத்தைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஜன்னல் திரையில் படுத்திருந்த டீச்சர் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். ராத்திரி முழுதும் அழாதவரின் கன்னம் இப்போது முழுதும் கண்ணீராக இருந்தது.

"போறதுன்னா கையைத் தூக்கி, கேட்டுட்டுத்தானே போகணும்?" என்று அதட்டினார்.

பிளம்பர் எழுந்திருக்க முடியாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கினார்.